சாம்பல் கணக்கு

கரும்பை வெட்டி லாரியில் ஏற்றிய மறுநாள் வயலில் முழங்கால் உயரத்துக்குச் சோகை கிடக்கும். பச்சையாக இருக்கும் கொழுந்தாடையை மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காய்ந்த சோகையை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. மட்க விடலாம் என்றால் மாதக்கணக்கில் ஆகும். கார்பன் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் நுண்ணுயிர்களுக்கும் அதில் ஆர்வம் இல்லை. மறுதாம்பு துளிர்க்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அள்ளிப் போட ஆள்கூலி கட்டுப்படியாகாது. கடைசியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வரப்போரத்தில் ஒரு தீக்குச்சி. அரை மணியில் வேலை முடிந்துவிடும்.

அந்த அரை மணியில் எவ்வளவு போகிறது? எக்டேருக்குச் சுமார் 10 டன் சோகை என்பது பொதுவான மதிப்பீடு. ஏக்கருக்கு 4 டன் என்று வையுங்கள். நன்றாகக் காய்ந்த சோகை கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் தரும். சமையல் எரிவாயு கிலோவுக்கு 46. வீட்டு சிலிண்டரில் அது 14.2 கிலோ. பெருக்கி வகுத்தால் ஒரு ஏக்கரில் கொளுத்தப்படுவது ஏறக்குறைய 98 சிலிண்டர் வெப்பம். பயிர்க்கழிவைப் பற்றிய பேச்செல்லாம் இப்படியொரு கணக்கில்தான் தொடங்கும், பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும். அவ்வளவு வெப்பம் இருப்பது உண்மை. அதை அள்ள வழியில்லை என்பதும் உண்மை.

தடை வேதியியலில் இல்லை, லாரியில் இருக்கிறது. கட்டாத சோகை ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ தேறினால் அதிகம். 30 கன மீட்டர் கொள்ளும் லாரியில் தலைக்கு மேல் அடைத்தாலும் ஒன்றரை டன்தான் ஏறும். 10 டன் இழுக்கிற வண்டி காற்றை ஏற்றிக்கொண்டு போகும். டீசல் மட்டும் முழுதாகச் செலவாகும். உமி, கடலைத்தோல், பருத்திமார், தென்னை நார்க்கழிவு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். கழிவிலிருந்து எரிபொருள் செய்வது என்றால் முதல் வேலை, அதை விளைந்த இடத்திலேயே சுருக்குவது.

சுருக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அப்படியே அழுத்துவது. தாவரத்தில் இருக்கும் லிக்னின் சூடு ஏறினால் இளகும், ஆறினால் இறுகும். மரத்தூளையும் கடலைத்தோலையும் பெரிய இயந்திரத்தில் இடித்து அழுத்தும்போது உரசலிலேயே பிறக்கிற சூட்டில் லிக்னின் பசையாகிவிடும். வேறு பசை தேவையில்லை. வெளியே வரும் பழுப்பு உருளைக்கு வியாபாரத்தில் ‘ஒயிட் கோல்’ என்று பெயர். கொதிகலன் வைத்திருக்கும் ஆலைகள் வாங்குகின்றன. ஆனால் அது விறகுக்குத் தம்பி. வீட்டு அடுப்பில் வைத்தால் விறகைப் போலவே புகையும். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகையில்லாமல் வேண்டும் என்றால் இரண்டாவது வழிக்கு வர வேண்டும்: முதலில் கரியாக்கு, பிறகு கட்டியாக்கு.

இந்த இரண்டாவது வழியைச் சோகையில் செய்து காட்டியவர் ஆனந்த் கார்வே. ‘யுகாந்தா’ எழுதிய இராவதி கார்வேயின் மகன், பெண்கல்விக்காக உழைத்த மகரிஷி கார்வேயின் பேரன். படித்தது தாவரவியல். மகாராஷ்டிராவில் கரும்பு செழிக்கும் ஃபல்டன் பகுதியில் வேளாண் ஆய்வில் இருந்தவர். கிராமத்துக்கேற்ற தொழில்நுட்பங்களுக்காகப் பின்னாளில் புனேயில் ஆர்ட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சோகையிலிருந்து கரிக்கட்டி செய்ததற்காக ஆர்ட்டிக்கு 2002இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உலகத்தின் மறுபக்கம், ஹைட்டியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஏமி ஸ்மித்தும் அவருடைய மாணவர்களும் கரும்புச் சக்கையை வைத்து அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஹைட்டியின் நகரங்கள் மரக்கரியில் சமைப்பவை, மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. இருவரும் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் கரும்பின் மிச்சம். இருவரும் கையில் எடுத்த பாத்திரமும் ஒன்றுதான்: 200 லிட்டர் எண்ணெய் டிரம்.

ஹைட்டி முறை எளிது. டிரம்மின் அடியில் சில ஓட்டைகள், மேலே அகலமான வாய். மூன்று கல்லின் மேல் நிறுத்தி, காய்ந்த சக்கையை நிரப்பித் தீ வைக்கிறார்கள். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அதில் பெரும்பங்கு நீராவி. காய்ந்தது என்று நாம் நினைக்கும் சக்கையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும்போது புகை மஞ்சளாகிக் கண்ணைக் கரிக்கத் தொடங்கும். ஹெமிசெல்லுலோஸ் உடைகிறது என்று அர்த்தம். அசெட்டிக் அமிலத்தின் புளித்த வாடை வருவதும் அப்போதுதான். 300க்கு மேல் செல்லுலோஸ் வேகமாகச் சிதறும். மேலே எழுகிற வாயு தீப்பிடித்துத் தழலாக எரியும், புகை திடீரென்று குறையும். லிக்னின் மட்டும் அவசரப்படாது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை மெல்ல மெல்லக் கரையும். முடிவில் மிஞ்சுகிற கரியில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

புகை மெலிந்து நீலம் தட்டும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. கல்லை உருவி டிரம்மைத் தரையில் இறக்கி, வாயை மூடி, சுற்றிலும் மண்ணை அணைத்துக் காற்றை அடைக்க வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் பாதி வேகாத சக்கை. பிந்தினால் வெறும் சாம்பல். நம்மூரில் கரிமூட்டம் போடுகிறவர்கள் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில்லை, புகையின் நிறத்தையும் வாடையையும் பார்த்தே ஓட்டையை அடைப்பார்கள். டிரம்காரர்களுக்கும் அதே பாடம்தான். மூடியபின் ஆறும்வரை பொறுமை வேண்டும். சூடு தணியாத கரி மேல் காற்றுப் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு, அதை மழுப்பக் கூடாது. 100 கிலோ சோகையில் கரியாக மிஞ்சுவது 25 முதல் 30 கிலோ. மீதியில் நீராவி போக, புகையாக வெளியேறியதில் கார்பன் மோனாக்சைடு, தார், மீத்தேன் எல்லாம் இருக்கும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். சமையலறையில் புகை இல்லை என்று நாம் மகிழும்போது, அந்தப் புகை முன்கூட்டியே வயலில் விடப்பட்டிருக்கிறது. ‘பயிர்க்கழிவுக் கரி என்றால் கார்பன் கணக்கு பூஜ்யம்’ என்று துண்டறிக்கைகளில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டிரம்மின் வாயைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கார்வேயின் உலை இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது. செங்கல் உலைக்குள் சோகை நிரப்பிய டிரம்கள் நிற்கும். உள்ளே காற்றுப் போக வழி இல்லை. வெளியே கொஞ்சம் சோகையைக் கொளுத்தி டிரம்மைச் சூடாக்குவார்கள். உள்ளிருக்கும் சோகை சிதைந்து வாயுவாகி, அடியில் உள்ள ஓட்டை வழியாக அந்த நெருப்புக்குள்ளேயே வந்து விழும். அங்கே அது எரிந்து டிரம்மை மேலும் சூடாக்கும். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து சோகை போடவே தேவையில்லை. உலை தன் புகையைத் தானே தின்று வேகும். மீத்தேனும் தாரும் பெருமளவு அதிலேயே எரிந்துபோகும். கூடுதலாக வேண்டியது செங்கல்லும் கொத்தனாரும், கொஞ்சம் முதலும். இந்த ‘கொஞ்சம் முதல்’தான் ஏழை நாடுகளில் திறந்த டிரம்மே இன்னமும் ஓடுவதற்குக் காரணம்.

கரி வந்துவிட்டது. ஆனால் மரக்கரி மாதிரி கட்டி கட்டியாக அல்ல. கையில் எடுத்தால் பொடியாக உதிரும். இலையின் உருவம் இலையோடு போயிற்று. மக்காச்சோளக் கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைக் கரியாக்கினால் அதே உருவத்தில் நிற்கும், அப்படியே அடுப்பில் போடலாம். கானாவில் ஏமி ஸ்மித் குழு அதைத்தான் பயன்படுத்தியது. சோகைக்கும் சக்கைக்கும் உமிக்கும் பசை வேண்டும். அழுத்தினால் இறுகும் லிக்னின் கரியாக்கும்போதே மாறிப்போயிற்று என்பதால், கரிப்பொடியை என்ன அழுத்தினாலும் தானாக ஒட்டாது.

பசைக்கு மலிவானது கிழங்கு மாவு. ஹைட்டியில் மரவள்ளிக் கஞ்சி. தமிழ்நாட்டில் யாராவது செய்தால் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளைத்தான் தேடிப் போவார்கள். 100 கிலோ கரிப்பொடிக்கு 5 கிலோ மாவு கணக்கு. கரியைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளற வேண்டும். 70 டிகிரி வாக்கில் மாவுச்சத்தின் துகள் உப்பி வெடித்து, உள்ளே சுருண்டிருக்கும் சங்கிலி மூலக்கூறுகள் வெளியே வரும். கஞ்சி பளபளவென்று கண்ணாடி போலாகும். அந்தக் கஞ்சியைப் பொடியில் ஊற்றிப் பிசைந்து, கைப்பிடிக்குள் அழுத்திப் பார்ப்பார்கள். பிடித்த கையை விரித்தபின்னும் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. பிறகு அச்சில் போட்டு அழுத்தி வெயிலில் காய வைப்பது. காயக் காயத் தண்ணீர் போகும். போகிற போக்கில் மாவுச் சங்கிலிகள் துகள்களை நெருக்கி இழுத்துக் கட்டும். காய்ந்த கட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டு, உடையாவிட்டால் மூட்டையில் கட்டலாம். மாவு கூடிவிட்டால் அடுப்பில் புகையும். ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சை பூக்கும்.

குமுட்டி அடுப்பு இருந்த வீடுகளில் இதெல்லாம் புதிதில்லை. கரிமூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சாணியோடு பிசைந்து, உருண்டை பிடித்து, மொட்டைமாடியில் காய வைத்துப் பால் காய்ச்சப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவிலோ இது பெருந்தொழிலாயிற்று. 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கான மரவேலையில் மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வீணாக்க மனமில்லாமல், ஆரின் ஸ்டாஃபர்டு என்ற வேதியியல் பேராசிரியரின் முறையைக் கொண்டு மிச்சிகனில் ஓர் ஆலை வைத்தார். அதன் கரிக்கட்டி ஃபோர்டு கார் விற்கும் கடைகளிலேயே விற்றது. இன்று அமெரிக்கர்கள் இறைச்சி வாட்டும் கிங்ஸ்ஃபோர்டு கரி அந்த வழியில் வந்ததுதான்.

இனி இந்தத் தொழிலில் பலரும் அடிபடும் இடம். கரியாகும்போது தாவரத்தின் பெரும்பகுதி வாயுவாகப் போகிறது. போகாமல் நிற்பவை கால்சியம், பொட்டாசியம், சிலிக்கா போன்ற தாதுக்கள். 100 கிலோ சோகையில் 6 கிலோ சாம்பல் இருந்தால், 28 கிலோ கரியானபின்னும் அதே 6 கிலோ இருக்கும். ஆகச் சோகைக் கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். உமியில் நிலைமை இன்னும் மோசம். நெல் தன் உமியைச் சிலிக்காவால் கவசம் போல் கட்டுகிறது. அதில் 18 முதல் 20 விழுக்காடு சாம்பல். கரியாக்கினால் பாதி சாம்பல், பாதி எரிபொருள். சிரட்டை நேர்மாறு: சாம்பல் 1 விழுக்காட்டை ஒட்டித்தான், கரியானாலும் 3ஐத் தாண்டுவது அரிது. அதனால்தான் காங்கேயம் வட்டாரத்துச் சிரட்டைக் கரிக்கு எப்போதும் கிராக்கி. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் வைக்கவும் தேடப்பட்டது சிரட்டைக் கரிதான். ‘எந்தக் கழிவையும் கரியாக்கலாம்’ என்ற வாசகத்தில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் எந்தக் கழிவையும் நல்ல கரியாக்க முடியாது.

சாம்பலைச் சேர்த்துத் தொடக்கக் கணக்கை மறுபடி போட்டால், 4 டன் சோகை 1.1 டன் கரியாகும். கிலோவுக்கு 22 மெகாஜூல் கிடைக்கும். 98 சிலிண்டர் 37 ஆகச் சுருங்குகிறது. பாதிக்கு மேல் இழப்பு. ஆனால் அந்த 37ஐ ஒரு சின்ன டெம்போவில் ஏற்றிவிடலாம், ஆண்டு முழுக்கக் கெடாமல் அடுக்கி வைக்கலாம், பூச்சி அரிக்காது.

சாம்பல் கரியின் நடத்தையையும் மாற்றுகிறது. கரி தழலாக எரிவதில்லை, கனன்று எரிகிறது. ஆக்சிஜன் அதன் மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டும். எரிய எரிய வெளியே சாம்பல் போர்வை கட்டும், ஆக்சிஜன் அதை ஊடுருவிப் போக நேரமாகும். ஆகச் சாம்பல் கூடிய கரிக்கட்டி பற்ற நேரமாகும், வேகமாகச் சூடு தராது, ஆனால் நெடுநேரம் நிற்கும். காலையில் ஆபீஸ் போகிற அவசரத்தில் தோசைக்கல் சூடாக வேண்டும் என்பவருக்கு இது உதவாத எரிபொருள். கார்வே இதைத் தெரிந்தே ‘சராய்’ என்ற ஆவிக்குக்கரை வடிவமைத்தார்: சுமார் 100 கிராம் கரிக்கட்டியை அடியில் வைத்துவிட்டால் ஐந்து பேருக்குச் சோறு, பருப்பு, காய் எல்லாம் ஆவியில் வெந்துவிடும். கரியின் சோம்பேறித்தனத்துக்கு ஏற்ற பாத்திரம். எனக்கு அந்த உலையைவிட இந்தக் குக்கர்தான் புத்திசாலித்தனமானதாகப் படுகிறது.

பெருநகரங்களே கரியில் சமைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தக் குணம் வேறு விதத்தில் காசானது. நைரோபியில் கரிக்கடைகளின் தரையில் தங்கும் தூளை வாங்கிக் கட்டியாக்கி விற்கும் தொழில் வளர்ந்தது. மண் கலந்த தூள், சாம்பல் அதிகம். மரக்கரியே வாங்கிப் பழகிய வீடுகளைவிட, ராத்திரி முழுக்கக் கதகதப்பு வேண்டிய கோழிப்பண்ணைகளும் விடுதிகளும் அதை விரும்பின. கம்பாலாவில் மடோகே வாழைக்காயின் தோலைக் கரியாக்கும் சிறு குழுக்கள் ஏராளம்.

வீட்டுக்குள் கரி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கரிப்படுகையின் அடியில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே உள்ள கனலைத் தாண்டும்போது இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு மோனாக்சைடாகிவிடும். மேலே துள்ளும் நீலச் சுடர் அதுதான் எரிவது. எரியாத பங்கு அறைக்குள் சேரும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை, இருமலும் வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி மலைப்பிரதேசங்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. புகையில்லாத எரிபொருள் என்பதால் ஜன்னல் தேவையில்லை என்று நினைப்பது உயிரை வாங்கும்.

தமிழ்நாட்டில் சோகைக் கரி பெரிதாக எடுபடாததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று சிலிண்டர்: சமையலறை எரிவாயுவுக்கு மாறிவிட்டது, கரி கேட்பது இஸ்திரி வண்டியும் தந்தூரி அடுப்பும்தான். இரண்டு, சீமைக்கருவேலம். காமராஜர் காலத்தில் வந்த மரம் என்று பலர் நம்பினாலும், சென்னை மாகாணத்துக்கு அது 1870களிலேயே வந்துவிட்டது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நட்டவர் இல்லாமல் வளர்ந்து கிடக்கிறது. வெட்டி மூட்டம் போட்டால் கெட்டியான, சாம்பல் குறைந்த கரி. அரைப்பது இல்லை, பிசைவது இல்லை, அச்சு இல்லை. அதன் விலையோடு மாவுப்பசை போட்ட கரிக்கட்டி மோத முடியாது. சோகைக்கும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இயந்திரத்தால் தூளாக்கி வயலிலேயே மூடாக்குப் போடச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். கட்டுக் கட்டாகச் சுருட்டித் தங்கள் மின் உற்பத்திக் கொதிகலனுக்கு எடுத்துப் போகின்றன சில ஆலைகள்.

இன்று இந்தத் தொழிலுக்குத் தோதான இடமாக எனக்குத் தெரிவது இமயமலைச் சரிவு. உத்தராகண்டில் சீர் பைன் மரங்களின் ஊசியிலையைப் பிருல் என்கிறார்கள். கோடையில் காட்டுத் தரையெல்லாம் உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும் மலையே எரியும். சாம்பல் குறைவு, மாடு தின்னாது, லாரி ஏறாத சரிவு, குளிர்காய ஆள் இருக்கிற ஊர்: கணக்கின் எல்லாப் பக்கமும் கூடி வருகிறது, விலையைத் தவிர. 2024 மே மாதம் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, பிருல் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. ஒரு கிலோ கரிக்கு மூன்றரைக் கிலோ இலை வேண்டும் என்றால் மூலப்பொருளுக்கே 175 ரூபாய். அந்த விலைக்குக் கரி வாங்குவார் யாருமில்லை. அரசு இந்தப் பணத்தைத் தீயணைப்புச் செலவில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கரிக்கட்டி அதில் கிடைக்கிற உபரி வரவு.